மரப்பலகையில் மின்னல், கைகளில் மரணம்!

பழைய மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரோடு விளையாடி உயிரை விட்டவர்கள் 30-க்கும் மேல். நம் வீடுகளில் இருக்கும் எந்தப் பாதுகாப்பும் ஏன் அவர்களைக் காப்பாற்றவில்லை?

2022 ஏப்ரல். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மாரத்தான் கவுண்டி. ஒரு வீட்டின் கார் ஷெட்டில் பிடித்த தீ, வீட்டுக்கும் பரவியது. உள்ளே நடுத்தர வயது ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் இறந்து கிடந்தார்கள். கொலை செய்துவிட்டுத் தீ வைத்திருப்பார்களோ என்ற கோணத்திலும் விசாரணை நடந்தது. கடைசியில் தெரியவந்த காரணம் வேறு. இருவரையும் கொன்றது மின்சாரம். உயர் அழுத்த மின்சாரத்தைப் பாய்ச்சி மரப்பலகையில் மின்னல் போன்ற கோலத்தை எரித்தெடுக்கும் கைவேலையில் அவர்கள் ஈடுபட்டிருந்தார்கள்.

அந்தக் கைவேலைக்கு 'ஃபிராக்டல் உட் பர்னிங்' என்று பெயர். ஈரப்படுத்திய பலகையின் இரு முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தைக் கொடுத்தால், அது மரத்தைக் கருக்கிக்கொண்டே வழி தேடி ஊர்ந்து போகும். கருகிய மரம் கரி. கரியில் மின்சாரம் எளிதாகப் பாயும். அதனால் கருகிய இடத்தின் நுனியிலிருந்து அடுத்த கிளை பிரியும், அதிலிருந்து இன்னொன்று. சில நிமிடங்களில் பலகை முழுக்க மரக்கிளை போல, ஆற்றுப் படுகை போல ஒரு வடிவம் படர்ந்துவிடும். பார்க்க அழகுதான். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரப் பேராசிரியர் கேயார்க் கிறிஸ்டோஃப் லிச்டன்பெர்க் 1777-ல் தூசி படிந்த தட்டில் இத்தகைய வடிவங்களை முதன்முதலில் கவனித்தார். 'லிச்டன்பெர்க் உருவங்கள்' என்று அவர் பெயரிலேயே அவை வழங்குகின்றன.

லிச்டன்பெர்க்கின் ஆய்வகத்தில் இருந்த அந்த அழகு, யூடியூப், டிக்டாக் வழியாக வீட்டுக் கொல்லைப்புறங்களுக்கு வந்தது. வீடியோவில் எல்லாம் சுலபமாகத் தெரிந்தது. பழைய மைக்ரோவேவ் அடுப்பு ஒன்று, கொஞ்சம் ஒயர், ஒரு பலகை. செலவே இல்லை. விளைவு? அமெரிக்க மரக் கடைசல்காரர்கள் சங்கம் 2017-ல் தன் நிகழ்ச்சிகளில் இந்தக் கைவேலையைத் தடை செய்தது. தன் வெளியீடுகளில் இதைப் பற்றிய செய்முறைக் கட்டுரைகளுக்கும் இடமில்லை என்று அறிவித்தது. மரவேலையை வளர்ப்பதற்கென்றே இருக்கும் ஒரு சங்கம், ஒரு மரவேலையை அடியோடு விலக்கி வைத்திருக்கிறது. அந்தச் சங்கம் தொகுத்துவரும் கணக்கில் இதனால் இறந்தவர்கள் 30-க்கும் மேல். கை கால்களை இழந்து பிழைத்தவர்கள் தனி.

ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற சமையல் யூடியூபர் ஆன் ரியர்டன், 2022-ல் இந்த ஆபத்தை விளக்கி ஒரு வீடியோ வெளியிட்டார். யூடியூப் அதை 'ஆபத்தான உள்ளடக்கம்' என்று நீக்கியது. எப்படிச் செய்வது என்று கற்றுக்கொடுத்த வீடியோக்கள் அப்படியே இருந்தன. செய்யாதே என்று சொன்ன வீடியோ போய்விட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அது திரும்ப வந்தது. ஒரு வீடியோ உயிரைக் காக்கிறதா, பறிக்கிறதா என்று பிரித்துப் பார்க்க அந்தத் தளத்துக்குத் தெரியவில்லை. அந்தத் தளத்தைத்தான் நம் பிள்ளைகள் வாத்தியாராக நம்பியிருக்கிறார்கள்.

இரும்புக் கட்டிக்குள் என்ன இருக்கிறது?

மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் எடுத்துப் பார்த்தால் பயமுறுத்தும்படி எதுவும் இருக்காது. மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கி வெல்டிங் செய்த கட்டி. மூன்று, நான்கு கிலோ கனம். அதில் இரண்டு காயில்கள். ஒன்று தடித்த கம்பியில் சுற்றிய பிரைமரி. 230 வோல்ட் இதற்குள்தான் போகும். இன்னொன்று மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் நெருக்கமாகச் சுற்றிய செகண்டரி. அதிலிருந்து வெளிவருவது ஏறத்தாழ 2,000 வோல்ட். அந்த செகண்டரியின் ஒரு முனையை இரும்புக் கட்டியிலேயே இணைத்திருப்பார்கள். அதாவது, நீங்கள் பிடித்துத் தூக்கும் அந்த இரும்பே மின்சுற்றின் ஒரு பகுதி.

அடுப்புக்குள் இந்த 2,000 வோல்ட்டை ஒரு கெப்பாசிட்டரும் ஒரு டையோடும் சேர்ந்து ஏறத்தாழ 4,000 வோல்ட்டாக்கி மேக்னட்ரான் என்ற குழாய்க்குக் கொடுக்கின்றன. அந்தக் குழாய்தான் சோற்றைச் சூடாக்கும் நுண்ணலையை உண்டாக்குகிறது. இதெல்லாம் எர்த் செய்யப்பட்ட தகரப் பெட்டிக்குள், கதவு திறந்தால் கரண்ட் நின்றுவிடும்படி அமைந்த ஸ்விட்சுகளுக்குப் பின்னால் நடக்கிறது. மனிதக் கை அங்கே போகவே கூடாது என்றுதான் அந்தப் பெட்டியை வடிவமைத்தார்கள். பெட்டியைப் பிரித்து டிரான்ஸ்ஃபார்மரை வெளியே எடுப்பவர், அதோடு இருந்த பாதுகாப்பு அத்தனையையும் குப்பையில் போட்டுவிட்டு, ஆபத்தை மட்டும் மேஜைமேல் வைக்கிறார்.

உயர் அழுத்தம் தரும் கருவிகள் எல்லாம் ஒன்றல்ல என்பது இங்கே முக்கியம். பழைய நியான் விளம்பரப் பலகைகளின் டிரான்ஸ்ஃபார்மர் 15,000 வோல்ட் வரை தரும். ஆனால் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் கொடுக்காதபடி அதை அமைத்திருப்பார்கள். அதுவும் ஆபத்தானதே. மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரோ வோல்டேஜில் அதைவிடக் குறைவு. ஆனால் அரை ஆம்பியருக்கு மேல், அதாவது 500 மில்லி ஆம்பியருக்கு மேல் தள்ளக்கூடியது. ஒரு மனிதரின் இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்கவைக்க 50 முதல் 100 மில்லி ஆம்பியர் போதும்.

டிரிப் ஆகாத கரண்ட்

"வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, இ.எல்.சி.பி. இருக்கிறது, ஏதாவது ஆனால் டிரிப் ஆகிவிடும்." உயர் அழுத்தத்தோடு விளையாடுபவர்கள் பலரின் தைரியம் இதுதான். இந்தத் தைரியம்தான் அவர்களை ஏமாற்றுகிறது. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் புரியும்.

முதலில் எம்.சி.பி. இது அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் துண்டிக்கும். 2,000 வோல்ட்டில் அரை ஆம்பியர் ஒருவரின் உடல் வழியாகப் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 1,000 வாட். 230 வோல்ட் பக்கத்தில் அதற்கு ஆகும் கரண்ட் நான்கரை ஆம்பியர்கூட இல்லை. ஒரு அயர்ன் பாக்ஸ் இழுக்கும் அளவு. 16 ஆம்பியர் எம்.சி.பி-யைப் பொறுத்தவரை வீட்டில் யாரோ சட்டைக்கு இஸ்திரி போடுகிறார்கள், அவ்வளவுதான். ஆள் துடித்துக்கொண்டிருந்தாலும் அது அசையாது.

அடுத்து இ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. உயிர்களைக் காப்பாற்றவே வந்த அருமையான கருவி இது. தியேட்டர் வாசலில் உள்ளே போனவர்களையும் வெளியே வந்தவர்களையும் எண்ணும் காவல்காரரைப் போல, ஃபேஸில் போன கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்ட்டும் சமமா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், யாரோ ஒருவர் உடல் வழியாக அது தரைக்குப் போகிறது என்று புரிந்துகொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியும் செகண்டரியும் கம்பியால் இணைந்தவை அல்ல. காந்தப்புலம் வழியாகத்தான் சக்தி தாவுகிறது. செகண்டரியிலிருந்து கிளம்பி மனிதரின் உடல் வழியாக ஓடும் கரண்ட், அந்த செகண்டரிக்கே திரும்பிப் போகும். ஃபேஸ், நியூட்ரல் கணக்கில் ஒரு மில்லி ஆம்பியர்கூடக் குறையாது. கணக்கு சரியாக இருப்பதால் ஆர்.சி.சி.பி. சும்மா இருக்கும். அதன்மேல் குற்றமில்லை. அது காவல் காக்கும் இடம் வேறு, உயிர் போகும் இடம் வேறு.

மூன்றாவது ஒயர். நம் ஊரில் வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ஒயரின் மேல்தோலைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் '1100 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கும். அந்தத் தோல் தாங்குவதற்கு உத்தரவாதம் அவ்வளவுதான். 2,000 வோல்ட் ஏ.சி. என்றால் ஒவ்வொரு சுழற்சியிலும் உச்சம் 2,800 வோல்ட்டைத் தொடும். தோல் முழுதாக இருக்கும் ஒயரைத்தானே பிடித்திருக்கிறேன் என்று நினைப்பவரின் கைக்கும் மரணத்துக்கும் நடுவில் இருப்பது, அந்த வேலைக்காகச் செய்யப்படாத ஒரு மெல்லிய பிளாஸ்டிக்.

நான்காவது செருப்பும் கையுறையும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு ஸ்விட்சில் கை வைத்தால் ஷாக் அடிக்காது என்பது நமக்கெல்லாம் பழகிப்போன நம்பிக்கை. 230 வோல்ட்டிலேயே அது அரைகுறைப் பாதுகாப்புதான். இரண்டாயிரம் வோல்ட்டில் வியர்வையும் ஆணித் துளையும் ஈரத் தரையும் போதும், அந்த நம்பிக்கை தகர. லைன்மேன்கள் போடும் இன்சுலேட்டட் கையுறைகளுக்கு வகுப்பு உண்டு. 'கிளாஸ் ஜீரோ' கையுறை 1,000 வோல்ட் வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் அடுத்த வகுப்பு வேண்டும். அவற்றையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதனைக்கூடத்தில் சோதித்து, ஒவ்வொரு முறை போடும்முன் காற்றடித்து ஓட்டை பார்த்து அணிகிறார்கள். பாத்திரம் கழுவும் கையுறை இந்த வரிசையில் எங்குமே இல்லை.

கடைசியாக நம் கை. சூடு பட்டால் கை தானாகப் பின்வாங்கும் அல்லவா? மின்சாரத்தில் அது நடக்காது. 10 மில்லி ஆம்பியரைத் தாண்டியதும் முன்கைத் தசைகள் இறுகிக்கொள்ளும். விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலுவானவை என்பதால் பிடித்ததை விட முடியாது. 'கரண்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு' என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். மின்னல் கோலம் எரித்தவர்களில் பலர் இரண்டு கைகளிலும் ஒவ்வொரு முனையைப் பிடித்திருந்தவர்கள். ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் வழியில்தான் இதயம் இருக்கிறது.

வெளியே புள்ளி, உள்ளே தீ

உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். 230 வோல்ட்டில் பலர் பிழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அழுத்தம் ஐந்நூறு, அறுநூறு வோல்ட்டைத் தாண்டும்போது அந்தத் தடுப்பு உடைந்துபோகிறது. அதற்குப் பிறகு மிஞ்சுவது உடலின் உட்தடை மட்டும். ஏறத்தாழ 1,000 ஓம். பள்ளியில் படித்த ஓம் விதியைப் போட்டுப் பார்த்தால், டிரான்ஸ்ஃபார்மரால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவையும் உடல் வாங்கிக்கொள்ளும் என்று தெரியும்.

இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். ரத்தம் ஓடாது. மூளைக்கு நான்கைந்து நிமிடம்தான் தவணை. துடிப்பைச் சீராக்கும் டீஃபிப்ரிலேட்டர் கருவி இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவிகிதம் வரை குறைந்துகொண்டே போகும். கார் ஷெட்டிலோ மொட்டை மாடியிலோ தனியாக இருப்பவருக்கு இந்தக் கணக்கின் முடிவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

பிழைத்தவர்களின் கதையும் சின்னதல்ல. உள்ளங்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கருகிய தழும்பு இருக்கும், வெளியே அவ்வளவுதான். உள்ளே எலும்பை ஒட்டிய தசைகள் வெந்துபோயிருக்கும். வெந்த தசை வீங்கி ரத்த ஓட்டத்தை நெரிக்கும். அதைத் தளர்த்த மருத்துவர்கள் கையை நீளமாகக் கீறித் திறந்து வைப்பார்கள். சிதைந்த தசையின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் தேநீர் நிறத்தில் வரும். விரலையோ கையையோ எடுக்க நேர்வதும் உண்டு. கண்ணில் புரை மாதங்கள் கழித்து வரலாம். ஷாக் அடித்தது, உதறிவிட்டு எழுந்துவிட்டேன் என்று வீட்டுக்குப் போனவரைக்கூட மருத்துவர்கள் இ.சி.ஜி. எடுத்துக் கண்காணிப்பில் வைப்பது இதனால்தான்.

ஒரு பாதி உண்மை

"வோல்டேஜ் கொல்லாது, கரண்ட்தான் கொல்லும்." எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வம் உள்ள பிள்ளைகள் மத்தியில் இந்த வாக்கியம் வேதம் போலப் புழங்குகிறது. இது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது.

கொசு பேட்டில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் உண்டு. பட்டால் சுரீர் என்கிறது, உயிர் போவதில்லை. அறிவியல் கண்காட்சிகளில் தலைமுடியை நட்டுக்குத்தலாக நிற்கவைக்கும் வான் டி கிராஃப் கருவியில் லட்சக்கணக்கான வோல்ட். அதுவும் கொல்வதில்லை. காரணம், இவற்றில் சேமித்திருக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். ஒரு நொடிக்கும் குறைவாகப் பாய்ந்து தீர்ந்துவிடும். ஆக, கேட்க வேண்டிய கேள்வி எத்தனை வோல்ட் என்பது மட்டுமல்ல. அந்த வோல்ட்டுக்குப் பின்னால் எவ்வளவு ஆற்றல் நிற்கிறது, அது எவ்வளவு நேரம் ஓடும், அதை நிறுத்த யார் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்?

இந்த வித்தியாசத்துக்குத் தமிழ்நாட்டு வயல்களிலேயே துயரமான சான்று இருக்கிறது. முறையான சோலார் மின்வேலியில் பல ஆயிரம் வோல்ட் ஓடும். ஆனால் நொடிக்கு ஒரு துடிப்பு, அதுவும் சில மில்லி நொடிகளுக்கு மேல் நீடிக்காது. பன்றியோ யானையோ தொட்டால் அதிர்ந்து விலகும்; ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் தசை தளர்ந்துவிடும் என்பதால் பிடித்து இழுக்காது. இதைச் செய்யும் கருவிக்குச் சர்வதேசத் தர அளவுகோலே உண்டு. அந்தக் கருவிக்குச் செலவு செய்ய மனமில்லாமல் வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பியில் 230 வோல்ட் கொடுப்பவர்கள், வோல்டேஜைக் குறைத்துவிட்டு மரணத்தைக் கூட்டுகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படியான சட்டவிரோத வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கான விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. யானை இறந்தால் செய்தியாகிறது; இரவில் வரப்பில் நடந்துபோய் இதே கம்பியில் சிக்கும் மனிதர்கள் உள்ளூர்ப் பதிப்பின் மூலையில் நின்றுவிடுகிறார்கள்.

பழைய பெட்டி டி.வி.க்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மெக்கானிக்குகள் 'எல்.ஓ.டி.' என்று சொல்லும் அதன் டிரான்ஸ்ஃபார்மர் பிக்சர் டியூபுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் அந்தச் சார்ஜ் தங்கியிருக்கும். மைக்ரோவேவ் கெப்பாசிட்டரும் அப்படியே. ஒருமுறை டிஸ்சார்ஜ் செய்துவிட்டோம் என்று நிம்மதியடைய முடியாது. கெப்பாசிட்டருக்குள் உறைந்த மின்னூட்டம் மெல்லத் திரும்பி எழும். அனுபவசாலி மெக்கானிக்குகள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது, தப்பித் தவறிப் பட்டாலும் இதயத்தின் குறுக்கே கரண்ட் போகக் கூடாது என்பதற்காக.

இன்னும் மேலே போனால் ரயில் பாதை. அதன் மேல்நிலைக் கம்பியில் 25,000 வோல்ட். நிற்கும் சரக்கு ரயிலின் மேலேறி செல்ஃபி எடுக்கும் இளைஞர்கள் கம்பியைத் தொட வேண்டும் என்பதே இல்லை. அருகே போனாலே காற்றைக் கிழித்துக்கொண்டு பாய்ந்துவிடும். இரண்டு மீட்டருக்குள் வராதே என்று ரயில்வே எச்சரிப்பது அதனால்தான்.

ரிச்மன் கொடுத்த விலை

அறிவியல் இந்தப் பாடத்தை இலவசமாகக் கற்கவில்லை. 1750 டிசம்பரில் அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லெய்டன் ஜாடிகளில் சேமித்த மின்சாரத்தால் ஒரு வான்கோழியைக் கொல்ல முயன்று, தவறுதலாகத் தன் உடலிலேயே அதை வாங்கிக்கொண்டார். பிழைத்தார்.

எல்லோரும் பிழைக்கவில்லை. 1753 கோடையில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் கேயார்க் வில்ஹெல்ம் ரிச்மன், இடிமேகத்தின் மின்சாரத்தை அளக்க வீட்டுக் கூரையில் இரும்புக் கம்பி நட்டு, அதை அறைக்குள் இருந்த ஒரு கருவியோடு இணைத்திருந்தார். கம்பிக்கு எர்த் இல்லை. ஒருநாள் இடி முழங்குவதைக் கேட்டதும், அறிவியல் கழகத்திலிருந்து செதுக்கோவியர் சோகொலோவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். கருவியைக் குனிந்து பார்த்தபோது கம்பியிலிருந்து வெளிர்நீல நெருப்புக் கோளம் ஒன்று கிளம்பி அவர் நெற்றியில் பாய்ந்தது. அந்த இடத்திலேயே இறந்தார். நெற்றியில் ஒரு சிவப்புத் திட்டு. ஒரு காலணி வெடித்துக் கிழிந்திருந்தது.

அதே நேரத்தில் அதே நகரில் அதே சோதனையைத் தன் வீட்டில் செய்துகொண்டிருந்தவர் ரஷ்யாவின் பேரறிஞர் லொமோனோசொவ். நண்பரின் உடலைப் பார்த்துவிட்டு வந்து அன்றே ஒரு கடிதம் எழுதினார். இந்த மரணத்தைக் காட்டி அறிவியல் ஆராய்ச்சியை முடக்கிவிடக் கூடாது என்றும், ரிச்மனின் குடும்பத்துக்கு உதவி கிடைக்க வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டார். ஒரே சோதனை; ஒருவர் மாண்டார், ஒருவர் தப்பினார். திறமையில் இருவரும் சளைத்தவர்கள் அல்ல.

அறிவியல் அதற்குப் பிறகு சோதனையை நிறுத்தவில்லை. சோதனை செய்யும் முறையை மாற்றிக்கொண்டது. 20-ம் நூற்றாண்டில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்சியல், பிடித்த கம்பியை விட முடியாமல் போகும் கரண்ட் எவ்வளவு என்பதைத் தன்னார்வலர்களிடம் மிகக் கவனமாக அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 1961-ல் அவர் உருவாக்கிய கருவியும், இன்று நம் வீட்டில் உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி-யும் ஒரே முறையில் வேலை செய்பவை. முறையோடு செய்த சோதனை கோடிக்கணக்கானவர்களைக் காக்கிறது.

கூண்டுக் கதவு மூடாமல் கரண்ட் வராது

முறை என்றால் என்ன? கிண்டி பொறியியல் கல்லூரியிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் உயர் அழுத்த ஆய்வகங்கள் உண்டு. இத்தகைய ஆய்வகங்களில் சோதனை நடக்கும் இடத்தைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு இருக்கும். அதன் கதவில் 'இன்டர்லாக்'. கதவு மூடாமல் சப்ளை வராது. யாராவது திறந்தால் அந்தக் கணமே நின்றுவிடும். சோதனை செய்பவர் கூண்டுக்கு வெளியே, தொலைவில், கன்ட்ரோல் மேஜையில் இருப்பார். முடிந்ததும் யாரும் நேராக உள்ளே ஓடிவிட முடியாது. நீண்ட இன்சுலேட்டட் கழியின் முனையில் எர்த் கம்பி கட்டிய டிஸ்சார்ஜ் ராடை எடுத்து, மின்சாரம் இருந்த உலோகத்தை முதலில் தொடுவார்கள். தொட்டுவிட்டு எடுத்துவிட மாட்டார்கள். அங்கேயே மாட்டி வைப்பார்கள். அது மாட்டியிருக்கும் வரைதான் மனிதர்கள் உள்ளே நிற்கலாம். தனியாக ஒருவர் வேலை செய்ய அனுமதி கிடையாது.

இங்கே ஒரு தவறு நடந்தாலும் அதற்கும் உயிருக்கும் நடுவில் இரண்டு மூன்று தடுப்புகள் நிற்கின்றன. கொல்லைப்புறத்து மேஜையில் ஒன்றுகூட இல்லை. மின்னல் கோலம் எரிக்கும் கைவேலையைப் பலமுறை பிசகில்லாமல் செய்து, விற்பனைக்கும் வைத்தவர்கள் இறந்திருக்கிறார்கள். நூறு முறை சரியாகச் செய்தவருக்கு நூற்றொன்றாவது முறையில் கை வழுக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கவனமாக இருப்பது பாதுகாப்பு ஆகாது; கவனம் சிதறும்போதும் காப்பாற்றுவதுதான் பாதுகாப்பு. உயர் அழுத்த மின்சாரத்தில் அந்தப் பாதுகாப்பை வீட்டில் ஏற்படுத்த வழியில்லை.

கண்ணெதிரே ஒருவருக்கு ஷாக் அடித்தால்...

* ஓடிப்போய் அவரைத் தொடாதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பது இத்தகைய விபத்துகளில் நடக்கும் கொடுமை.

* முதலில் சப்ளையை நிறுத்துங்கள். மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அவர் அருகே போகாமல் பிளக்கைப் பிடுங்க முடிந்தால் பிடுங்கலாம்.

* காய்ந்த கட்டையால் தள்ளிவிடுவது என்ற பழைய யோசனை 230 வோல்ட்டுக்கு. உயர் அழுத்தத்தில் கட்டையை நம்ப வேண்டாம்.

* தெருக் கம்பியோ ரயில் கம்பியோ என்றால் பத்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. ரயில் நிலையம் அருகில் என்றால் ரயில்வே ஊழியருக்குச் சொல்லுங்கள்.

* 108-ஐ அழையுங்கள்.

* சப்ளை நின்றது உறுதியான பிறகு, மூச்சும் அசைவும் இல்லையென்றால் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள்.

* எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள். புண் சின்னது என்று விட்டுவிட வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது

இந்தியாவில் ஆண்டுதோறும் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் 10,000-க்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. மின்சாரத்தை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சென்னை ரிச்சி தெருவில் பையன்கள் சாக்குப்பையோடு கடை கடையாக ஏறி பழைய போர்டு பொறுக்குவது இந்த நாட்டின் நாளைய பொறியாளர்கள் உருவாகும் வழி. அந்த ஆர்வத்தை அதட்டி உட்காரவைத்தால் அவர்கள் ஒளிந்துகொண்டு செய்வார்கள். ஒளிந்து செய்யும்போதுதான் தனியாக இருப்பார்கள்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை மொட்டை மாடியில் எதையோ கழற்றிக்கொண்டிருந்தால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். 12 வோல்ட், பேட்டரி, எல்.இ.டி., ஆர்டுயினோ என்றால் தாராளமாக விடுங்கள். அதிலேயே ஒரு ஆயுளுக்குப் போதுமான வியப்பு இருக்கிறது. மைக்ரோவேவ், பெட்டி டி.வி., எல்.ஓ.டி. என்றால் அங்கேயே நிறுத்துங்கள், ஏன் என்று விளக்குங்கள்.

இயற்பியல் ஆசிரியர்களே, ஓம் விதியைக் கணக்காக மட்டும் நடத்தாமல் எம்.சி.பி. எங்கே காப்பாற்றும், ஆர்.சி.சி.பி. எங்கே காப்பாற்றாது என்று ஒரு பீரியட் ஒதுக்கிச் சொல்லுங்கள். தேர்வில் வராவிட்டாலும் அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கும். பொறியியல் கல்லூரிகள் ஆண்டில் ஒருநாளாவது தங்கள் உயர் அழுத்த ஆய்வகத்தைப் பள்ளி மாணவர்களுக்குத் திறந்துவிடட்டும். செயற்கை மின்னலைக் கூண்டுக்கு வெளியே நின்று பார்க்கும் மாணவருக்கு, அதை வீட்டில் செய்து பார்க்கும் ஆசையைவிட அதைப் படிக்கும் ஆசை பெரிதாக எழும்.

சர்வீஸ் கடைக்காரர்களே, காயலான் கடைக்காரர்களே, மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி ஒரு பையன் கையில் முழுதாக விற்காதீர்கள். உங்களுக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய். பழைய அடுப்பு மின்-கழிவு. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டியது.

வீடியோ தளங்கள் தங்கள் கடமையைத் தட்டிக்கழிக்க இனியும் அனுமதிக்கக் கூடாது. மனித உயிரைப் பறித்த ஒரு செய்முறையை விளம்பரத்தோடு ஓடவிட்டுக் காசு பார்ப்பதும், அதை எச்சரிக்கும் குரலை நீக்குவதும் குற்றம் என்று சட்டம் சொல்லும் நாள் வர வேண்டும். அதுவரை இத்தகைய வீடியோ கண்ணில் பட்டால் ரிப்போர்ட் செய்யுங்கள். கீழே, தமிழிலேயே, 'இது உயிரைக் கொல்லும்' என்று எழுதுங்கள். அடுத்து அந்த வீடியோவைப் பார்க்கப் போவது நம் தெருப் பையனாக இருக்கலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலோ ஷெட்டிலோ கழற்றி வைத்த அந்த இரும்புக் கட்டி இருந்தால், அதைப் பிளக்கில் சொருகிப் பார்க்க வேண்டாம். இந்த வாரமே மின்-கழிவில் கொடுத்துவிடுங்கள்.